பன்றிக்குப் போட்ட கம்பி

சங்கரன்கோவில் வட்டாரத்துல ஒரு அரசு மருத்துவமனையில டூட்டி டாக்டரா இருக்கேன். மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கிற நாள் வந்துட்டா எங்க நைட் டூட்டியில வர்ற கேஸ் மாறும். தொடை கிழிஞ்சு ஒருத்தர் வருவார். பாம்பு கடிச்சு ஒருத்தர். பைக்ல போகும்போது எதுவோ குறுக்க ஓடி விழுந்தவர் ஒருத்தர். கரண்ட் அடிச்சவர் ஒருத்தர்.

நாலு பேர்கிட்டயும் எப்படி ஆச்சுன்னு கேட்டா பதில் ஒண்ணுதான். "பன்னி சார்."

காட்டுப்பன்றியைப் பத்தி டாக்டருக்கு என்ன பேச்சுன்னு நீங்க கேட்கலாம். அந்த நாலாவது ஆளைப் பத்திப் பேசத்தான் இந்த நீளமான இழை. பொறுமையா படிங்க. விவசாயம் பார்க்கிற சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கும் அனுப்புங்க.

ஒரு கார்த்திகை மாச ராத்திரி. மணி ரெண்டரை இருக்கும். 108-ல ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு வயசு, உறவுமுறை எல்லாம் கொஞ்சம் மாத்தித்தான் எழுதுறேன்.) நாற்பது வயசு இருக்கும். சட்டை நனைஞ்சிருந்துச்சு. முழங்கால் வரைக்கும் கரிசல் மண்ணு. ஈசிஜி நேர்கோடு.

இடது கணுக்காலுக்கு மேல பென்சிலால கோடு போட்ட மாதிரி ஒரு மெல்லிய கருப்புத் தீக்காயம். அதைப் பார்த்ததுமே எனக்கும் சிஸ்டருக்கும் தெரிஞ்சிருச்சு. கம்பி.

நெஞ்சை அழுத்தினோம், மருந்து போட்டோம், அரை மணி நேரம் விடாம பார்த்தோம். ஒண்ணும் நடக்கல. வரும்போதே உயிர் இல்ல.

வெளியே வேப்பமரத்தடியில அவர் சித்தப்பா மகன் நின்னுக்கிட்டு இருந்தார். அடுத்த புஞ்சைக்காரர். 108-க்கு போன் போட்டதே அவர்தான். நான் வெளியே வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பன்னிக்குத்தான் சார் போட்டேன்... அண்ணன் அந்தப் பக்கம் வருவாருன்னு நினைக்கலையே"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரி காவலுக்கு வந்தவங்கதான். அண்ணன் தன் புஞ்சைக்குள்ள இறங்கின கூட்டத்தை விரட்டிக்கிட்டு வரப்பைத் தாண்டியிருக்கார். தம்பி மோட்டார் ரூம்ல இருந்து கரண்ட் எடுத்து, முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் கம்பி கட்டியிருக்கார். விடியறதுக்குள்ள ஒருத்தர் பிரேதப் பரிசோதனைக்கு, இன்னொருத்தர் ஸ்டேஷனுக்கு. ஒரே தெருவுல ரெண்டு வீடு.

இந்தத் தம்பியைத் திட்டி ஒரு பதிவு போடுறது சுலபம். "படிப்பறிவு இல்ல, பேராசை"ன்னு எழுதிட்டுப் போயிடலாம். ஆனா நான் பார்த்த வரைக்கும் கம்பி கட்டுறவங்க யாரும் கொலைகாரங்க இல்ல. மூணு நாள் தூங்காத மனுஷங்க.

சென்னையில, கோவையில இருந்து படிக்கிறவங்களுக்காக நம்ம நிலவரத்தைச் சொல்றேன். சங்கரன்கோவிலுக்கு மேக்க புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி. மலையடிவாரம். எலுமிச்சை, நெல்லு, கரும்பு, தென்னை. கிழக்க குருவிகுளம், திருவேங்கடம். கரிசல் காடு. மானாவாரியா மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி. புரட்டாசி, ஐப்பசியில வானத்தைப் பார்த்து விதைப்பாங்க. தையில அறுப்பாங்க. வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை. போனா போனதுதான்.

காட்டுப்பன்றி அந்த ஒரு வெள்ளாமையில ரெண்டு தடவை கை வைக்கும். விதைச்ச உடனே மூக்கால சாலைக் கிளறி விதையைத் தின்னும். அதுல தப்பிச்சு வளர்ந்தா, கதிர் பால் பிடிக்கும்போது வரும். அது தின்கிறது கொஞ்சம், சாய்ச்சு மிதிச்சு நாசம் பண்றதுதான் அதிகம். ஒரு கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினா காலையில பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். கடன் வாங்கி உரம் போட்டவருக்கு அதைப் பார்க்கிறப்ப எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. கரிசல் பக்கம் திரியற பன்றி தினமும் மலையில இருந்து இறங்கி வர்றதில்ல. தூர்ந்து போன குளம், ஓடை, தரிசு எல்லாத்துலயும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேல முள்ளுக்காட்டுலதான் குடியிருக்கு. அங்க புலி இல்ல, செந்நாய் இல்ல. ஒரு பெண் பன்றி நாலு மாசத்துக்குள்ள சினை முடிச்சு நாலு, ஆறு குட்டி போடும். பக்கத்துலயே மக்காச்சோளம். அது பெருகாம என்ன செய்யும்?

அதனால விவசாயிக்கு வலி உண்மை. கோபமும் நியாயம். ஆனா கம்பி மட்டும் கூடாது. ஏன்னு ஒரு டாக்டரா சொல்றேன்.

நம்ம வீட்டு லைன் கரண்ட் 230 வோல்ட், ஒரு நொடிக்கு 50 சுழற்சி ஓடுற மாறுமின்சாரம். உடம்புல சுமார் 10 மில்லி ஆம்பியருக்கு மேல பாய ஆரம்பிச்சாலே தசை இறுகிப் போகும். கையால பிடிச்சிருந்தா விட முடியாது. காலுல பட்டு விழுந்தா கம்பி மேலேயே விழுவோம். 100 மில்லி ஆம்பியர் அளவு நெஞ்சு வழியா போனா இதயம் துடிக்கிறதை விட்டுட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். ரத்தம் பம்ப் ஆகாது. சில நிமிஷத்துல மூளை போயிடும்.

100 மில்லி ஆம்பியர்னா எவ்வளவு? ஒரு சாதாரண சீலிங் ஃபேன் இழுக்கிறதுல பாதிகூட இல்ல. ராத்திரி, ஈர மண்ணு, செருப்பில்லாத கால், வேர்த்த உடம்பு. கரண்ட் பாய இதைவிட நல்ல வழி கிடையாது.

"சோலார் வேலியிலயும் கரண்ட் தானே சார் இருக்கு?"ன்னு கேட்பாங்க. இருக்கு. ஆனா வேற மாதிரி. முறையான சோலார் வேலியில எனர்ஜைசர்னு ஒரு பெட்டி இருக்கும். அது சுமார் ஒரு நொடிக்கு ஒரு தடவை, கண் இமைக்கிற நேரத்துல சின்னப் பங்கு அளவுக்கு மட்டும் ஒரு துடிப்பை அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்குல இருந்தாலும் சக்தி அளவோடதான் இருக்கும். தொட்டா சுளீர்னு அடிக்கும், பன்றியும் மனுஷனும் பின்னால குதிப்பாங்க, அவ்வளவுதான். அடுத்த துடிப்பு வர்றதுக்குள்ள கை விலகிடும். லைன்ல இருந்து எடுத்த கரண்ட் விடாது. பிடிச்ச பிடிதான்.

அந்தக் கம்பி ஆள் பார்க்காது. 2023 மார்ச்சுல தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில சிக்கி மூணு யானை செத்துச்சு. தாயை இழந்து நின்ன ரெண்டு குட்டி யானைகளை நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. அந்த வருஷமே தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்குத் தனி விதிகள் கொண்டு வந்துச்சு. காப்புக்காட்டை ஒட்டிய பகுதியில வேலி போட்டா பதிவு பண்ணணும், தரச்சான்று உள்ள கருவிதான் வைக்கணும். நேரடி லைன் கரண்டுக்கு எந்த இடத்துலயும் அனுமதி கிடையாது.

சட்டம் என்ன செய்யும்னும் தெரிஞ்சுக்கோங்க. அனுமதி இல்லாத வேலைக்குக் கரண்ட் எடுத்தா 2003 மின்சாரச் சட்டத்துல மூணு வருஷம் வரை சிறை. யாராவது செத்துட்டா பாரதிய நியாய சன்ஹிதா. கவனக்குறைவுன்னு எடுத்தா அஞ்சு வருஷம் வரை. "ஆள் சாகும்னு தெரிஞ்சேதான் போட்டான்"னு எடுத்தா பத்து வருஷம் வரை போகும். பன்றிக்குத்தான் போட்டேன்னு சொல்றது கோர்ட்ல காப்பாத்தாது. ஆஸ்பத்திரியிலயும் காப்பாத்தல.

கம்பிக்குப் பதிலா வேற குறுக்கு வழிக்கும் போகாதீங்க. அவுட்டுக்காய்னு தீனிக்குள்ள நாட்டு வெடியை மறைச்சு வைப்பாங்க. அதை முதல்ல எடுக்கிறது பன்றிதான்னு என்ன நிச்சயம்? ஆடு மேய்க்கிற பிள்ளை எடுக்கலாம், மாடு கடிக்கலாம். 2020 மே மாசம் கேரளாவுல வெடி வச்ச தீனியைக் கடிச்சு ஒரு சினை யானை தண்ணிக்குள்ளயே நின்னு செத்துச்சே, அது இந்த மாதிரி வெடிதான். குருணை மருந்தைத் தீனியில கலந்து வைக்கிறதும் அப்படித்தான். மயில், நாய், கோழின்னு ஆரம்பிச்சு வீட்டுக்கே வந்து சேரும்.

சரி, கம்பியும் வேண்டாம், வெடியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்னா விவசாயி என்னதான் செய்யணும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம "மின்வேலி சட்டவிரோதம்"னு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போறதுலதான் எனக்கு வருத்தம்.

2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முடிவு அறிவிச்சுச்சு. காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கி.மீ. வரைக்கும் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். 3 கி.மீ.க்கு அப்பால வனத்துறை ஆட்களே சுடலாம். விவசாயி மனு கொடுத்தா கிராம அளவுல ஒரு குழு பார்த்து முடிவு பண்ணணும்.

இதை நான் நல்ல முடிவுன்னுதான் சொல்வேன். காட்டுக்குள்ள பன்றி வேணும். புலிக்கும் சிறுத்தைக்கும் அதுதான் சாப்பாடு. உள்ள சாப்பாடு குறைஞ்சா அதுங்க வெளிய வரும். அதனால மலையடிவாரத்துக்கு ஒரு விதி, கரிசலுக்கு ஒரு விதின்னு பிரிச்சது சரி. குருவிகுளம் பக்கம் பெரும்பாலான புஞ்சை அந்த 3 கி.மீ.க்கு வெகு தூரம் தள்ளித்தான் இருக்கு.

ஆனா உத்தரவு வேற, ஊருக்கு வந்து சேர்றது வேற. எங்கிட்ட தையல் போட வர்றவங்ககிட்ட நான் கேட்கிறது வழக்கம்: "மனு கொடுத்தீங்களா?" முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒரு வழி இருக்கிறதே தெரியல. தெரிஞ்சு கொடுத்த ஒரு பெரியவர் சொன்னார்: "கொடுத்தேன்யா. அவுக வர்றதுக்குள்ள பன்னி அறுப்பை முடிச்சிட்டுப் போயிருச்சு."

இந்த இழையில நான் சொல்ல வர்ற ஒரே விஷயம் அந்தப் பெரியவர் சொன்னதுலதான் இருக்கு. பன்றி ஒரே ராத்திரியில வேலையை முடிக்குது. முறையான வழி மாசக்கணக்குல நடக்குது. கம்பி அன்னைக்கு சாயங்காலமே தயார். இந்த இடைவெளியைக் குறைக்காத வரைக்கும் நான் எத்தனை பதிவு போட்டாலும் கம்பி போடுறவங்க போட்டுக்கிட்டேதான் இருப்பாங்க.

அதனால நான் கேட்கிறது இதுதான். இது என் தனிப்பட்ட கருத்து.

ஒண்ணு. புரட்டாசி விதைப்புக்கு முன்னாடியே ஒவ்வொரு ஊராட்சியிலயும் அந்தக் குழு கூடணும். மனுவுக்குத் தேதி போட்ட ரசீது, இத்தனை நாளுக்குள்ள பதில்னு ஒரு கெடு. பிரசவ கேஸ் வந்தா நாங்க தை மாசம் வாங்கன்னு சொல்ல முடியுமா? பயிருக்கும் அதே மாதிரி ஒரு நேரம் உண்டு.

ரெண்டு. சோலார் வேலிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியா மானியத் திட்டம் இருக்கு. ஆனா ரெண்டு ஏக்கர் மானாவாரிக்காரர் தனியா போடுற செலவு இல்ல அது. இருபது புஞ்சையைச் சேர்த்து ஒரே சுத்து வேலியா போட்டா தலைக்கு வர்ற செலவு குறையும். கூட்டு வேலிக்கு முன்னுரிமை கொடுக்கணும்.

மூணு. அன்னியத் தாவரங்களை அகற்ற 2022-ல தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே கொண்டு வந்துச்சு. குளத்துலயும் ஓடையிலயும் இருக்கிற சீமைக்கருவேலத்தை எடுக்காம பன்றியை மட்டும் சுட்டா, அடுத்த வருஷம் அதே புதர்ல அடுத்த கூட்டம்.

நாலு. பயிர்க் காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல வனவிலங்கு சேதத்தையும் 2026 காரிஃப் பருவத்துல இருந்து கூடுதல் பாதுகாப்பா சேர்க்கிறோம்னு 2025 நவம்பர்ல மத்திய வேளாண் அமைச்சகம் அறிவிச்சுச்சு. எந்த விலங்கு, எந்தப் பகுதின்னு மாநிலம்தான் பட்டியல் போடணும். அந்தப் பட்டியல்ல காட்டுப்பன்றியும் நம்ம கரிசல் பிர்க்காக்களும் இருக்கணும்னு இப்பவே கேட்கணும். சேதமான 72 மணி நேரத்துக்குள்ள செயலியில இடம் பதிவான போட்டோவோட தெரிவிக்கணும்ங்கிறது நிபந்தனை. வீட்டுல போன் பார்க்கத் தெரிஞ்ச பிள்ளைங்க இதுக்கு உதவலாம்.

"பேசாம எல்லார் கையிலயும் துப்பாக்கியைக் கொடுங்க"ன்னு கமெண்ட் வரும்னு தெரியும். கேரளாவுல 2022-ல உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட உத்தரவு போடுற அதிகாரம் கொடுத்தாங்க. அங்கயும் சுடுறது உரிமம் உள்ள, அனுமதி வாங்கின ஆட்கள்தான். இருட்டுல, ஆள் உயர மக்காச்சோளத்துக்குள்ள, ஆளாளுக்குத் துப்பாக்கி எடுத்தா என்ன ஆகும்? கம்பி கேஸுக்குப் பதிலா குண்டு கேஸ் வரும். டூட்டியில நான்தான் இருப்பேன்.

இப்ப கையோட செய்ய வேண்டியது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

கரண்ட் அடிச்சு ஒருத்தர் கிடந்தா ஓடிப்போய்த் தொடாதீங்க. காப்பாத்தப் போனவரும் சேர்ந்து போன கதை நிறைய. முதல்ல மெயினை நிறுத்துங்க. முடியலைன்னா காய்ஞ்ச தரையில நின்னு, காய்ஞ்ச மரக்கம்பால கம்பியை விலக்குங்க. உயரழுத்த லைன்னா கிட்டயே போகாதீங்க. மின்னகம் 94987 94987, ஆம்புலன்ஸ் 108.

கம்பி விலகினதும் மூச்சு இல்லைன்னா நெஞ்சுக்கூட்டு நடுவுல ரெண்டு கையையும் வச்சு, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, அஞ்சு சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. கரண்ட்ல நின்ன இதயம் திரும்ப ஓட வாய்ப்பு உண்டு. அந்த முதல் சில நிமிஷம் உங்க கையிலதான் இருக்கு, என் கையில இல்ல.

அடிச்சுட்டு எந்திரிச்சு உட்கார்ந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. வெளியே சின்னப் புண்ணு இருக்கும், உள்ள தசை வெந்திருக்கும். அது கிட்னியைக் கெடுக்கும். ஈசிஜி எடுத்துப் பார்க்காம வீட்டுக்கு அனுப்பக் கூடாத கேஸ் இது.

பன்றி முட்டினாலோ கடிச்சாலோ சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வாங்க. ரத்தம் கொட்டலைன்னா ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், காபித்தூள் வேண்டாம். அது வனவிலங்குக் கடி. டிடி ஊசியோட வெறிநோய்த் தடுப்பூசியும், காயத்தைச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். "நாய் கடிக்கலையே"ன்னு விட்டுடாதீங்க.

காவலுக்குப் போறவங்க தரையில படுக்காதீங்க. கட்டில், கொசுவலை, டார்ச், முழுச் செருப்பு. கட்டுவிரியன் தூங்குறவங்களைத்தான் கடிக்கும். கடிச்ச தடம்கூடத் தெரியாது. விடியக்காலம் வயித்து வலி, கண் இமை தூக்க முடியலைன்னா உடனே வாங்க.

கடைசியா, கம்பி கட்டியிருக்கிற அண்ணாச்சிமாருக்கு. நீங்க இதைப் படிக்க மாட்டீங்க. உங்க மகனோ மருமகளோ படிச்சுச் சொல்லுவாங்க. ராத்திரி அந்த வரப்புல யார் வருவாங்கன்னு எண்ணிப் பாருங்க. திருடன் வர மாட்டான். மடை திருப்ப வர்ற பங்காளி, ஆட்டைத் தேடி வர்ற ஆச்சி, உங்களுக்குச் சோத்துச் சட்டி கொண்டு வர்ற உங்க பிள்ளை. உங்க புஞ்சையில ராத்திரி நடமாடுற ஆள் எல்லாம் உங்க ஆளுங்கதான்.

அந்தத் தம்பி ஜாமீன்ல வந்ததா கேள்விப்பட்டேன். புஞ்சை ரெண்டும் தரிசாக் கிடக்குதாம். பன்றி வர்றதில்லையாம். தின்ன அங்க ஒண்ணும் இல்ல.

இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கம்பியைச் சுருட்டிடுங்க. நாளைக்கு ஊர்ல பத்து பேரா சேர்ந்து மனு எழுதுங்க. எழுதத் தெரியலைன்னா இங்க கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் நானே எழுதித் தர்றேன்.


சங்கரன்கோவிலில் இருந்து ஒரு அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.